தனுஷ்கோடிக் கரையில் என் பூட்டு

கறுப்புத் தகரப் பெட்டி. மூடியில் பச்சைக் கொடியும் ரோஜாப்பூவும் வரைந்திருக்கும். அந்தப் பூவின் மேல் சுங்கத்து ஆட்கள் சாக்பீசால் போட்ட பெருக்கல் குறிகள், பழசின் மேல் புதுசாக. பெட்டியின் வாயில் ஒரு பித்தளைப் பூட்டு, நல்ல மாங்காய் அளவு. ஐம்பதுகளின் நடுவில் என் சகலை சிலோனிலிருந்து ஊருக்கு வந்தால், சேவுகம்பட்டியில் எங்கள் மாமனார் வீட்டு நடுக்கூடத்தில் அந்தப் பெட்டிக்குத்தான் முதல் இடம். சாக்பீஸ் குறியை யாரும் துடைத்துவிடக் கூடாது. என் மாமியார் வீடு பெருக்கும்போது விளக்குமாறு பெட்டியில் படாமல் சுற்றிக்கொண்டு போவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, கடல் தாண்டி வந்த குறி என்று அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் குறியைப் பார்ப்பார்கள், நான் பூட்டைப் பார்ப்பேன். அந்தப் பூட்டு நான் செய்தது.

என்னைப் பற்றி நானே சொல்வதுதான் சரியாக இருக்கும். மற்றவர்கள் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா இல்லாத பிள்ளை. யாரோ ஒருவருடைய பட்டறையில் பித்தளைத் தூசியைத் தின்றுகொண்டு அரம் பிடிக்கக் கற்றவன், மீசை முழுசாக முளைக்கும் முன்னே நாகல் நகரில் சொந்தப் பட்டறை போட்டுவிட்டேன். திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் புகையிலைக் கிட்டங்கிக்கோ, கோயில் உண்டியலுக்கோ, சினிமாக் கொட்டகைக் கல்லாவுக்கோ, கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு வேண்டுமென்றால் என் பட்டறையைத்தான் தேடி வருவார்கள். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. என் மாமனார் வீட்டில் மட்டும் யாரும் சொன்னதில்லை.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என் சகலை. என்னைவிட மூத்தவர், நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கண்டியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற வேலை. என் கல்யாணம் முடிந்த புதிதில் மாமனார் என்னைக் கூப்பிட்டு, “மூத்த மாப்ள கடல் தாண்டிப் போறவரு. அவரு பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டாப் போட்டுக் குடுங்க மாப்ள” என்றார். புது மாப்பிள்ளை அல்லவா, என் வித்தை முழுவதையும் அதில் இறக்கினேன். சாவியைப் போட்டு எல்லோரும் திருப்புகிற பக்கம் திருப்பினால் சாவி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டின் முதுகில் தலை தெரிகிற ஆணிகளில் ஒன்று கள்ள ஆணி. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் வாய் திறக்கும். பழகிய கைக்கு ஒரு நொடி வேலை. பழகாதவன் பொழுது சாயும் வரை திருப்பிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பூட்டைக் கொண்டு என் சகலை கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் சம்பாதித்த பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு காந்துகிறது. தனுஷ்கோடியில் சுங்க மேசை என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நடுக்கம்தான். புடவை மடிப்பை உதறிப் பார்ப்பார்கள், பெண்கள் கழுத்திலும் காதிலும் கிடப்பதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள், தேங்காய் எண்ணெய்த் தகரத்துக்குள் கம்பியை விட்டுத் துழாவுவார்கள். நம்முடைய ஆளுக்கு அது திருவிழா. ஊருக்கு வந்ததும் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார்.

“பெட்டியத் தொறன்னாரு ஆபீசரு. நான் சாவிய அவரு கையிலயே குடுத்துட்டேன். ‘நீங்களே தொறங்கய்யா, ஒளிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு’ன்னேன். மனுசன் திருப்புறாரு, திருப்புறாரு, ராட்டினம் கணக்கா சாவி சுத்துது. பக்கத்து மேசைக்காரரு எந்திரிச்சு வந்தாரு, அவருக்கும் பெப்பே! அம்மை ஊசிச் சீட்டுப் பாக்குற டாக்டரு, வரிசைய அப்புடியே விட்டுப்புட்டு ஓடியாந்துட்டாரு. கடைசியில ஒரு டீ வாங்கிக் குடுத்து, ‘நீரே தொறந்து காட்டுமய்யா’ன்னாங்க. தொறந்தேன். உள்ள ஒருத்தரும் பாக்கல! பூட்டப் பாத்துட்டே குறி போட்டு அனுப்பிட்டாங்க.”

வீடே குலுங்கும். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். எங்கள் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு தடவை நானும் நடுவில் புகுந்து, “அதுல உள்ளாற ரெண்டு லீவரு வச்சிருக்கேன் மாமா, மேல உள்ளது வந்து...” என்று ஆரம்பித்தேன். “செத்த இருங்க மாப்ள, அவரு கதைய முடிக்கட்டும்” என்றார். எனக்குக் கறிக்குழம்பு கசந்தது.

என் சகலை கொண்டுவரும் நைலான் சேலைக்கோ, டார்ச் லைட்டுக்கோ, வாசனைச் சோப்புக்கோ நான் பொறாமைப்படவில்லை. அதையெல்லாம் விலைக்கு வாங்க என் கையில் அப்போதே வசதி இருந்தது. ஒரு பொங்கலுக்கு வந்தவர் போகிறபோக்கில் சொன்னார்: “அங்க இப்ப எம் பேரச் சொல்லி யாரும் கூப்புடுறதில்ல தம்பி. ரெண்டு கரையிலயும் நான் பூட்டுக்காரருதேன்.” அரத்தைக் கையால் தொட்டறியாத மனுசன் பூட்டுக்காரர்! கை ரேகை தேய அராவியவன் திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தக் கரைக்கு நானே போக வேண்டும். சுங்கத்து ஆபீசர் ஒருவராவது அவரை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “இதைச் செய்தது நீங்கள்தானா?” என்று கேட்க வேண்டும். அதை என் சகலை வாயாலேயே மாமனார் வீட்டுக் கூடத்தில் சொல்ல வைக்க வேண்டும். கண்டியில் பூட்டு விற்குமா என்று பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். நடையாக நடந்து பாஸ்போர்ட் வாங்கி, அதே பூட்டுக்கு இரட்டைப் பிள்ளை போல ஒன்று செய்து என் பெட்டியில் போட்டு, விற்பதற்கும் கொஞ்சம் பூட்டு எடுத்துக்கொண்டு, அவர் திரும்பிப் போகும்போது கூடவே கிளம்பிவிட்டேன்.

தனுஷ்கோடியில் ரயில் கப்பலுக்கு அருகில் போய் நிற்கும். இரண்டு பக்கமும் வெள்ளை மணல், நடுவில் தண்டவாளம், காற்று வேட்டியை உருவிக்கொண்டு போகப் பார்க்கும். தோட்டத்து வேலைக்குப் போகிற சனங்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் குந்தியிருந்தார்கள். ஒரு கிழவர் தன் பெயரைத் தனக்கே முணுமுணுத்துப் பாடம் செய்துகொண்டிருந்தார், கேட்கும்போது தப்பிவிடக்கூடாதென்று. எனக்கும் உள்ளங்கை வேர்த்தது. நான் எதற்கும் பயப்படுகிறவன் இல்லை, ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்கும் விதம் அப்படி. எங்கள் முறை வந்தது. ஆபீசர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க பூட்டுக்காரரே! என்ன, இந்தத் தடவ துணைக்கு ஆளோட?”

“என் சகல சார். இந்தப் பூட்டச் செஞ்சவரே இவருதேன்” என்றார் என் சகலை. சத்தியமாக, கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

ஆபீசர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “போன தடவ ஒரு போர்ட்டர் தோள்ல கையப் போட்டு, இவருதான் செஞ்சவருன்னீங்க. அதுக்கு முந்தின தடவ கப்பல் சமையல்காரர். இப்ப சகலையா?”

“இல்ல சார், நெசமாவே நாந்தேன் செஞ்சேன். திண்டுக்கல்லுல பட்டறை வச்சிருக்கேன்” என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரல் மாதிரி கேட்டது.

“அப்ப தொறந்து காட்டுங்க பாப்போம்.”

கண்ணை மூடிக்கொண்டே பூட்டைத் திறந்தேன். கள்ள ஆணி, எதிர்ப்பக்கம், டக். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆபீசர் எழுந்து, என் சகலையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “பரவாயில்லையே! ஆள நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க!”

விடக் கூடாதென்று என் பெட்டியைத் திறந்து இரட்டைப் பூட்டை எடுத்து நீட்டினேன். “ஓ, உங்களுக்கும் ஒண்ணு குடுத்திருக்காரா?” என்றார். பிறகு அவர் கண் பெட்டிக்குள் இருந்த மற்ற பூட்டுகள் மேல் விழுந்தது. இத்தனை எதற்கு, விற்பனைக்கா, சீட்டு இருக்கிறதா என்று கேள்வி வேறு பக்கம் திரும்பிவிட்டது. அது அவருடைய வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அங்கே ஒவ்வொரு பூட்டாக எடுத்து வைத்துக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் சகலை எதிரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு என் பூட்டைத் திறந்து மூடி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்.

கப்பலில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நாந்தேன் சொன்னேன்ல தம்பி. அவங்க நம்பலைன்னா நான் என்ன செய்ய?” என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் அங்கே பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பொய்யைச் சொன்னாலும் அவர் வாயில் அது அழகாக நின்றது. உண்மையை நான் சொன்னால் அதற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். தலைமன்னாரில் சிங்கள ஆபீசர். அவரிடம் என் சகலை சிங்களத்திலேயே பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த ஆபீசர் சாவியை வாங்கித் திருப்ப ஆரம்பித்ததும் மீதி எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் காலம் மாறியது. புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் சிலோனில் என் சகலைக்குத் தங்குவதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. மனைவி மக்களோடு ஒரேயடியாகத் திரும்பி வந்தார். செய்தி கேட்டு நான் சேவுகம்பட்டி போனபோது கூடத்தில் அதே பெட்டி இருந்தது, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டப்பட்டு. கொண்டி பிய்ந்து, தகரம் நாக்குப் போலத் தொங்க, அதில் என் பூட்டு பூட்டினபடியே கிடந்தது.

அவரே சொன்னார். ராமேஸ்வரம் கரையில் எல்லாம் புது முகங்கள். முன்னும் பின்னும், தோட்டத்தை விட்டு ஒரேயடியாக வந்த சனங்கள், அழுகிற குழந்தைகள். பழைய ஞாபகத்தில் சாவியை ஒரு இளவயசு ஆபீசர் கையில் நீட்டியிருக்கிறார். அந்தப் பையன் கோபிக்கவில்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்து, “பெரியவரே, நீங்களே தொறங்க. பின்னாடி ஆளு நிக்கிது” என்றிருக்கிறான். “கை நடுங்கிருச்சு தம்பி. எத்தன வருசம் தொறந்த பூட்டு. எந்த ஆணின்னு தெரியல. எல்லா ஆணியவும் அமுக்கிப் பாத்தேன். ஒரு வெளாட்டுப் போல இருந்தது, அன்னைக்கு மறந்து போச்சு. அந்தப் பையன் இன்னங் கொஞ்சம் பாருங்கங்கிறான். நாந்தேன் போர்ட்டரக் கூப்பிட்டு, கடப்பாறையப் போட்டு நெம்பிடுப்பான்னு சொல்லிட்டேன்.” பிய்ந்த தகரத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆனா பூட்டு அசையல. தகரந்தேன் கிழிஞ்சுச்சு. ஒன் பூட்டு ஒன் பூட்டுத்தேன்.”

மாமனார் என் பக்கம் திரும்பினார். “இது நீங்க செஞ்சதா மாப்ள?” என்றார். செய்யச் சொன்னவரே அவர்தான். எத்தனை வருசம் காத்திருந்தேன் அந்தக் கேள்விக்கு! ஆமாம் மாமா என்று சொல்லி, பூட்டைக் கையில் எடுத்து, பார்க்காமலேயே திறந்தேன். டக் என்ற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. என் மனைவி, மாமியார், மாமனார் எல்லோரும் அவருடைய நடுங்குகிற கையையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் கஷ்டம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கூடத்தில் அன்றைக்கும் ஆள் அவர்தான்.

என் கடை முகப்பில் அவருக்கு இடம் கொடுத்தேன். கொடுக்கக்கூடிய நிலையில் நான் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வந்தவனையெல்லாம் உட்கார வைத்து தனுஷ்கோடிக் கதை சொன்னார், ராமேஸ்வரக் கதையும் சொன்னார். அழவைத்துப் பூட்டு விற்ற ஆளை நான் அவரிடத்தில்தான் பார்த்தேன். அந்தக் கள்ள ஆணிப் பூட்டையே நிறையச் செய்து விற்றோம், வியாபாரம் பெருகியது, பட்டறையைப் பெரிதாக்கினேன், மாடி எடுத்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. இப்போது என் மகன் கல்லாவில் இருக்கிறான், பொழுது போகாமல் நானும் போய் உட்காருகிறேன். போன மாசம் வத்தலகுண்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா வீட்டில் ஒன்று இருந்ததாம். “அய்யா, சிலோன்காரர் பூட்டு இருக்குங்களா?” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, சிலோன்காரரு அதச் செய்யல. அதச் செஞ்சவன் நாந்தேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: “அப்ப அது வேணாமுங்க. சிலோன்காரரு செஞ்சது இருந்தாக் குடுங்க.”

உள்ளே போய், அதே பூட்டை எடுத்து வந்து கொடுத்தேன்.