வெங்காயப் பட்டறைக்குக் காவல்

என் வீட்டுக்காரர் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். தன் கிணறு வற்றிய கோடையில் எங்கள் தண்ணீரை விட்டுப் பருத்தியைக் காப்பாற்றினார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரின் மகளைப் பிரசவத்துக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு நில்லாமல் ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தாராம். இதில் பாதி எனக்கே தெரியாது. கூடவே வாழ்ந்தவள் நான், என் புருஷனைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோபம் வந்தது. பெருமை அதைவிடப் பெரிதாக வந்தது. அவர்கள் கதையை அவர்களே சொல்லட்டும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்கிறேன்.

நான் உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக்காட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தது பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு. அவர் அப்போது பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, லீவில் வந்தால் அரியலூரில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் பெட்டி பாதி காலியாகிவிடும். வழியில் பார்த்தவருக்கு சோப்பு, பால்ய சிநேகிதனுக்குக் கம்பளி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து இருமிய யாரோ ஒரு பெரியவருக்கு அவர் போட்டிருந்த ஸ்வெட்டர். "பேன்ட்டையாவது விட்டாங்களே" என்பேன் நான். அவர் சிரித்துக்கொண்டே மீதி இருப்பதை எடுத்து வைப்பார்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவருக்கு வீடு என்பது சாப்பிடுவதற்கும் பிள்ளைகளைக் கொஞ்சுவதற்கும் மட்டும்தான். மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவது அவர் வேலை. பூட்ஸ் கயிறு கட்டுவது போல் இறுக்கிப் பின்னுவார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு முடி கலையாது, பிள்ளைக்குத்தான் கண் இழுத்துக்கொண்டு நிற்கும். அதை முடித்துவிட்டால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் வெங்காயக் காட்டில் புங்கமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தார். மார்கழிப் பனியிலும் அங்கேதான் படுக்கை. கேட்டால், "கூரைக்குக் கீழ மூச்சு முட்டுது" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே மூன்று கல்லைக் கூட்டிக் கறி சமைப்பார். பிள்ளைகளும் நானும் அங்கே போய்த்தான் சாப்பிடுவோம். பக்கத்துக் காடுகளில் களை எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார்.

கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு வாங்கத் தெரியாது. யாராவது நன்றிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தால் போதும், அவர்கள் திரும்பிப் போகும்போது கையில் இரண்டு படி சோளம் இருக்கும். அடுத்தவர் வாங்கிக் கொடுத்து ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை. இது என்ன வீம்பு என்று நான் திட்டுவேன். பட்டாளத்துக்காரனின் காதில் அது எங்கே ஏறியது.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. செருப்பில்லாமல் காட்டில் நடந்து காலில் ஒரு முள் ஏறியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புண் புரையோடித் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. வீட்டு உள்ளறையில் படுத்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊன்றுகோலை வைத்து ஒருமுறை வாசல்வரை வந்தார், விழுந்தார், தெருவில் போனவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அதோடு சரி. மகன் சக்கர நாற்காலி வாங்கி வந்தான். அது கரிசல் மண்ணில் ஓடாது, வாசலிலேயே நின்றது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போகலாம் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஊரில் பையன்கள் நாலு பேர் வந்து, "கட்டிலோட தூக்கிட்டுப் போயி காட்டுல விடுறோம், வாங்க" என்று கெஞ்சினார்கள்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரு தடவதான். அது வரைக்கும் சும்மா கெடங்கடா" என்று சொல்லிவிட்டார்.

நாள்தோறும் விடிந்ததும் முகச்சவரம் செய்கிறவர் அவர். காய்ச்சலில் கிடந்தாலும் செய்வார். அதை விட்டுவிட்டார். நரைத்த தாடியோடு சுவரைப் பார்த்துக் கிடந்தவரைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கால் போனதால் இவர் சாகமாட்டார், இந்தச் சுவர்தான் இவரைக் கொல்லும். எப்படியாவது வெளியே கொண்டுபோக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரத்தில் வெங்காயமெல்லாம் அழுகிப்போய் விலை எங்கேயோ போய்விட்டது. எங்கள் பக்கத்தில் விதை வெங்காயத்தை வீட்டில் வைப்பதில்லை. காட்டிலேயே மூங்கிலை வைத்து மேடு கட்டி, காற்றாட அடுக்கி, மேலே கீற்று வேய்ந்துவிடுவோம். அதைத்தான் பட்டறை என்போம். விலை ஏறியதும் திருடர்களும் முளைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு பட்டறையையே குட்டியானை வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேச்சு. ராத்திரிக் காவலுக்கு ஊர் ஆண்கள் முறைபோட்டுக்கொண்டார்கள்.

எங்கள் காட்டை ஒட்டிய காடு ஒரு சின்னப் பெண்ணுடையது. புருஷன் சிங்கப்பூரில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக விவசாயம் பார்க்கிறாள். முறைக்கு எனக்கு மருமகள். அவள் பட்டறை எங்கள் புங்கமரத்தில் இருந்து கூப்பிடு தூரம். அவளைப் பிடித்தேன்.

"மாமாகிட்ட போயி காவலுக்குக் கேளு."

"ஐயோ, திட்டுவாரு அத்தை!"

"அவர நெனச்சுக் கேக்காத. உன் வெங்காயத்த நெனச்சு அழு."

அழு என்றால் இப்படியா அழுவாள். அறை வாசலில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆரம்பித்தாள். "மாமா, ராத்திரிக்கு ஆளு இருக்கு. பகல்ல நான் களையப் பாக்குறதா, பட்டறையப் பாக்குறதா? நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். மிலிட்டரிக்காரரு இருக்காருன்னா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார், "பகல்லயா திருட வருவான்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். இவளை நம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று நான் குறுக்கே புகுந்தேன். "பகல்லதாங்க நோட்டம் பாக்க வருவானுங்க."

மெதுவாகத் திரும்பிப் படுத்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"சவரப் பெட்டிய எடு" என்றார்.

மறுநாள் காலையில் மகனும் அந்தப் பையன்களில் மூன்று பேருமாகக் கட்டிலைத் தூக்கினார்கள். படுத்து வரமாட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. எங்கே யாராவது பரிதாபமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "ஏண்டா, நேராப் புடிங்கடா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று அவர் அதட்டியதும் தெருவே சிரித்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கட்டிலுக்குப் பின்னால் நடந்த எனக்குத் தலை தானாக நிமிர்ந்தது. என் கல்யாண ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு கர்வமாக நடக்கவில்லை.

பட்டறை இருந்தவரைக்கும் புங்கமரத்தடிக் காவல் ஒருநாள் தவறவில்லை. மழை வந்தால் பம்புசெட் கொட்டகைக்குள் கட்டிலை இழுத்துப் போடச் சொல்வார், வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு, வழியில் புது ஆள் தென்பட்டால் ஊதுவார். உரக்கடை வசூலுக்கு வந்தவன் ஒருவன் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினான். முகத்தில் வெயில் பட்டுப் பழைய கறுப்பு ஏறியது. களையெடுக்கிற பெண்களுக்கு பிளாஸ்க்கில் டீ வேண்டும் என்று என்னை விரட்ட ஆரம்பித்தார். எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சலும் எனக்குத் தித்திப்பாக இருந்தது.

மழை விட்டதும் அந்தப் பெண் விதை வெங்காயத்தை நட்டாள். ஒரு வாரத்தில் பட்டறை காலியாகி, மூங்கிலைக்கூடப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் டீ ஊற்றிக் கொடுக்கும்போது அவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே காவலுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

மறுபடியும் அந்தச் சுவரா?

"பட்டப்பகல்ல எந்தக் களவாணியாச்சும் நோட்டம் பாக்க வருவானா?" என்று என் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. பேசுறது அவ, வார்த்தை உன்னுது."

"தெரிஞ்சா ஏன் வந்தீங்க?"

டீயை உறிஞ்சினார்.

"ஊர்ல எல்லாரும் எங்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்காங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நீ ஒண்ணுமே கேட்டதில்ல. மொதத் தடவையா ஒண்ணு கேக்குற, அதுவும் ஆளு விட்டு. எப்படி இல்லங்கறது?"

வாயாடி என்று இரண்டு ஊரில் பேரெடுத்தவள் நான். எனக்கு அழுகைதான் வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகவே கேட்டேன்.

"நாளைக்கும் வெளிய வாங்க. பட்டறை இல்லாட்டியும் வாங்க."

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கேட்பேன். தன்னை நாலு பேர் தூக்குவதைப் பொறுத்துக்கொள்வது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. கடைசி நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது, அன்று கேட்க வேண்டாம் என்று நான் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே கேட்டார்:

"ஏன், இன்னிக்கு கூப்புடல?"