விடுபட்ட மூன்று குழிகள்

ஒரு சங்கம் தொடங்க மூன்று பேர் போதும். அது உடையவும் அதே மூன்று பேர் போதும். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் கோல்ஃப் சங்கம் நாலு பேரோடு தொடங்கியதாலோ என்னவோ, பத்து வருடம் உடையாமல் ஓடி அறுபத்திரண்டு பேரில் வந்து நின்றது.

பிறந்த இடம் மைதானம்கூட இல்லை. அவர் கடை இருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடி நடைபாதை. லிஃப்ட் பழுதுபார்க்க வந்திருந்த அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, பொழுது போகாமல் ஒரு குடையைத் தலைகீழாகப் பிடித்துக் காகித உருண்டை ஒன்றைத் தட்டினார். அது நேராகப் போய்ப் பல் டாக்டரின் கதவுக்கடியில் நுழைந்தது. பல் டாக்டர் வெளியே வந்தார். திட்டவில்லை. "பிடிக்கிறதே தப்பு. கட்டை விரல் இப்படி வரணும்" என்றார். பக்கத்து அறையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவ்வளவுதான்.

முதல் வருடம் ஊருக்கு வெளியே இருந்த பொது மைதானத்தில் ஆடினார்கள். ஒன்பதே குழி, இரண்டு சுற்று சுற்றினால் பதினெட்டு. பந்து குழியில் விழுந்ததைவிடப் புதரில் விழுந்ததுதான் அதிகம். இரண்டாம் வருடம் தலைப்பு அச்சடித்த கடிதத்தாள் வந்தது. மூன்றாம் வருடம் தொப்பி. ஐந்தாம் வருடம் குடிநீர்ப் பொறுப்புக் குழுவும், அந்தக் குழு தண்ணீர் வைத்ததா என்று பார்க்க இன்னொரு குழுவும் வந்தன. ஆடத் தெரிந்தவர்கள் நடையாக வந்து சேர்ந்தார்கள் என்றால், பேசத் தெரிந்தவர்கள் ஓட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

கண்ணாடிக்காரருக்குக் கிடைத்த பொறுப்பு, சலுகை அடி எழுதுவது. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிப்பார். ஆனால் தேர்ந்தவரும் தேராதவரும் சேர்ந்து ஆட வேண்டாமா? அதற்காக ஒவ்வொருவருக்கும் அவரவர் தரத்துக்கேற்ப இத்தனை அடி தள்ளுபடி என்று ஒரு எண். எண் பெரிதானால் ஆள் சுமார். எண் சிறிதானால் ஆள் புலி. "எங்க கண்ணு பவரே உங்க கையிலதான் இருக்கு, இதையும் நீங்களே எழுதுங்க" என்று டாக்டர் ஒப்படைத்துவிட்டார்.

பொருத்தமான ஆள்தான். கால் பவர் மாற்றி எழுதிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பேருந்து நிறுத்தம்வரை துரத்திப் போய், மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வாங்கி வந்தவர் அவர். தெரிந்து யாருக்கும் குழி பறித்ததில்லை. தெரியாமல் பறித்ததுதான் கதை.

விதி எளியது. முதல் ஐந்து ஆட்டங்களில் அடிகளைக் குறித்த அட்டைகளைக் கூட்டி, சராசரி எடுத்து, மைதானத்துக்கு இத்தனை என்று வகுத்த அடியை அதில் கழித்து, எண் எழுத வேண்டும். நன்றாக ஆடினால் எண் இறங்கிக்கொண்டே வரும். ஏற வேண்டுமென்றால் மட்டும், 'நான் நினைத்த அளவுக்கு நான் ஆடுபவன் அல்ல' என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தில் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. சிறுநீரகம் கேட்டால்கூட யோசித்துக் கொடுப்பார்கள். இதையா எழுதிக் கொடுப்பார்கள்?

மைத்துனருக்கு வந்த எண் பதினொன்று. சங்கத்திலேயே சிறிய எண். மனிதர் பூரித்துப்போய்விட்டார். குச்சிப் பையில் தோல்பட்டை தைத்து, அதில் பதினொன்று என்று பொறித்துக்கொண்டார். மகளின் வருங்கால மாமனார் வீட்டுக்குப் போனபோது சம்பந்தியிடம் முதலில் சொன்னது இதைத்தான். கல்யாணத் தேதியெல்லாம் அப்புறம். ஆனால் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. வருடா வருடம் போட்டிக்கு வருவார், வருடா வருடம் தோற்பார். சங்கத்தில் அவருக்கு 'டெபாசிட்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

நாலாம் வருடம் கண்ணாடிக்காரரே கோப்பை வாங்கினார், மைத்துனரை இரண்டே அடியில் முந்தி. இரண்டு நாள் கழித்துக் கடையில் அலமாரியை நகர்த்தும்போது பழைய அட்டைகள் அகப்பட்டன. மைத்துனரின் ஐந்தில் இரண்டு அட்டைகளில் கடைசி மூன்று குழிகள் காலி. அப்போதுதான் நினைவு வந்தது. அந்த இரண்டு நாளும் ஆட்டத்தின் நடுவில் தொலைபேசி அடித்தது. எங்கோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று மைத்துனர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். மாட்டியவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மைத்துனர் மாட்டிக்கொண்டார். ஆடாத குழிகளுக்கு எதுவும் சேர்க்காமல், இருந்ததை அப்படியே கூட்டியிருந்தார் கண்ணாடிக்காரர். மூன்று குழிக்குச் சுமார் பதினைந்து அடி. இரண்டு அட்டைக்கு முப்பது. ஐந்தால் வகுத்தால் ஆறு. மைத்துனர் பதினொன்று இல்லை, பதினேழு.

கையோடு சொல்லியிருக்கலாம். ஆனால் கோப்பை அப்போதுதான் டி.வி. மேல் ஏறியிருந்தது, மனைவி அதைத் துடைத்த துணி இன்னும் காயவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அட்டைகளை உள்ளே வைத்தார். அந்த அடுத்த வாரம் வர ஆறு வருடமாயிற்று.

இடையில் மைத்துனரை அவர் தாங்கிய தாங்கு கொஞ்சமா? பிறந்தநாளுக்குப் புதுப் பந்து. வேண்டாம் என்றாலும் புதுக் கண்ணாடி. தோற்ற ஒவ்வொரு முறையும் "காத்து சரியில்ல மாப்ள" என்று வானத்தைத் திட்டுவார். குற்றம் செய்த நெஞ்சைப் போல அன்பான நெஞ்சு வேறில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் தன்னைத்தான் தண்டிக்கிறார்கள் என்று பேசாமல் சாப்பிட்டார்.

ஒரு காலையில் மனைவி சொன்னார், "தம்பி குச்சியெல்லாம் விக்கப் போறானாம்."

"ஏனாம்?"

"என்னைக் கேட்டா? பதினொண்ணு வச்சுக்கிட்டு ஒரு கப்புக்கு வழியில்லைன்னா எங்கிட்டதான் கோளாறு, அக்கான்னு அழாத குறையா சொல்றான். வேலையிலயும் இப்படித்தானாம். ஒரு நட்டை முடுக்கிட்டு மூணு தடவ போய்ப் பாக்குறானாம். மாமான்னு இருக்கீங்களே, நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அன்று கட்டடத்து லிஃப்டில் வேலை. தரைத்தளக் கதவு திறந்திருந்தது. மைத்துனர் அடிக்குழியில் இறங்கியிருந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"மாப்ள."

"மாமாவா? கிட்ட வராதீங்க, வழுக்கும்."

"ஒண்ணு சொல்லணும். மேல வாயேன்."

"கையெல்லாம் கிரீஸ். அங்கேர்ந்தே சொல்லுங்க."

முகம் தெரியாதது வசதியாகப் போயிற்று. குழியைப் பார்த்துச் சொன்னார். இரண்டு அட்டை, மூன்று குழி, பதினேழு, எல்லாம். கீழே ஸ்பானர் சத்தம் நின்றது.

"எப்பத் தெரியும்?"

"நாலாவது வருஷம்."

"நீங்க கப்பு வாங்குன வருஷமா?"

"வாங்கி ரெண்டு நாள் கழிச்சு."

"ஓஹோ."

வசவுக்காகக் காத்திருந்தார். நாலு வசவுக்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். வந்தது வேறு.

"அப்ப நான் பதினொண்ணு இல்லையா, மாமா?"

"பதினேழு."

"அந்த டிரைவிங் ஸ்கூல்காரரும் பதினேழுதான?"

"அவரு பதினாறு."

கீழே டார்ச் அணைந்து மறுபடி எரிந்தது.

"பொதுக்குழுவுல எல்லாத்தையும் சொல்லிடறேன் மாப்ள. கப்பை உன் கையில குடுத்துடறேன்."

"சொல்லிக் கிழிச்சீங்க! மூச்சு விடக் கூடாது. சம்பந்தி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

மைத்துனர் மேலே ஏறி வந்தார். அழுக்குத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க நம்பர் என்ன?"

"பத்தொம்பது."

"ஆறைக் கழிங்க."

"பதிமூணு."

"அதை எழுதிக்குங்க. பத்து வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஆடிப் பாருங்க. யார்கிட்டயும் காரணம் சொல்லக் கூடாது. அக்காகிட்டயும்."

"குச்சி?"

"எதுக்கு விக்கணும்? நீங்க தோக்குறதப் பாக்க வேணாமா?" கடைசி நட்டை ஒரு முறை முடுக்கி, மூடியைச் சாத்தினார். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. "ஏறுங்க, சரியாயிடுச்சு."

கண்ணாடிக்காரர் படியில் ஏறிப் போனார். தண்டனை கிடைத்துவிட்டது என்பதில் ஆறு வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு கொஞ்சம் இலேசாயிருந்தது.

அந்த இலேசும் நிலைக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் புதுப் பட்டியலை வாசித்தார். தன் பெயருக்கு நேரே பதிமூன்று என்றதும், தலைவராகிவிட்டிருந்த பல் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கவனிச்சீங்களா? ஐம்பத்தாறு வயசு! ஒரே வருஷத்துல ஆறு அடி! வெளிய மூச்சு விடாம எங்கயோ பயிற்சி எடுத்திருக்காரு மனுஷன்!"

சங்கமே கைதட்டியது. முன்வரிசையில் மனைவி, பக்கத்து அம்மாவிடம், "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மூன்றாவது வரிசையில் மைத்துனர் மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. வாயை மூடிக்கொண்டார். புகைப்படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

கைதட்டல் ஓய்ந்தது. ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. மைத்துனர் எழுந்து நின்று, அவரையே பார்த்துக்கொண்டு, நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கய்யா, மச்சான்னா இப்படி இருக்கணும்!" என்றார் டாக்டர்.