படங்குக்கு அடியில் இருந்த சூடு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதையொட்டிச் சமைக்க ஒரு குசினி கட்ட, சித்தப்பா பண்டாரவளையிலிருந்து பலகை அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். எங்கள் காம்பராவில் பிளக் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா வீட்டிலிருந்து நீள வயரில் கரண்ட் வந்தது.

சித்தப்பா கவனமானவர். யாரும் தடுக்கி விழக்கூடாதென்று வேண்டிய அளவு வயரை மட்டும் இழுத்தார். மீதியை வளையமாகச் சுற்றி இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார். தூறல் படாமலிருக்க, அம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் தடித்த படங்குகளில் பழைய ஒன்றை எடுத்து மூடினார்.

"புள்ளயத் தூக்கிட்டு மெஷின் பக்கம் வராத" என்றார் என்னிடம். எனக்கு ஒன்பது வயது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். ஆறு மாதத் தம்பி என் பொறுப்பு.

அவர் சொன்னபடி நான் தள்ளி, இஸ்தோப்பிலேயே உட்கார்ந்தேன். குளிரில் கை விறைத்தது. படங்கின் மேல் கை வைத்தேன், இதமாக இருந்தது. அதன்மேலேயே சேலைத் துணியை மடித்துப் போட்டுத் தம்பியைக் கிடத்தினேன். உடனே தூங்கிவிட்டான்.

மெஷின் விடாமல் ஓடியது. பக்கத்துக் காம்பரா அக்கா வாசலுக்கு வந்தார்.

"குசினி கட்டுறதுக்குள்ள அடுப்பு பத்தவச்சாச்சா? என்னமோ கருகுதே."

சித்தப்பா மெஷினை நிறுத்தினார். படங்கின் ஓரத்தில் மெல்லிய புகை. நான் தம்பியைத் தூக்கக் குனிந்தேன்.

"தொடாத, கரண்ட் அடிக்கும். அக்கா, பிளக்கப் புடுங்குங்க."

அக்கா உள்ளே ஓடினார். சித்தப்பா கையை நீட்டியபடி, தம்பியைத் தொடாமல் நின்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"புடுங்கிட்டேன்."

அந்தச் சொல் வந்த பிறகுதான் தம்பியை அள்ளினார். படங்கு வயரோடு ஒட்டியிருந்தது. மெஷினுக்குக் கரண்ட் ஓட ஓட, சுற்றி மூடிய வயருக்குள் சூடு சேர்ந்து, சுற்றுக்குச் சுற்று அதன் தோல் உருகி ஒன்றாகியிருந்தது. தம்பியின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயமில்லை. அவன் அழுதது தூக்கம் கலைந்ததற்காக.

பின்னேரம் அம்மா கேட்டபோது, "நான்தான் அண்ணி அங்க படுக்க வச்சேன்" என்றார் சித்தப்பா. அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

நானும்தான் பேசவில்லை. குளிரில் தம்பிக்குச் சூடான இடம் கண்டுபிடித்தது நான். அந்த நல்ல பெயரையும் சித்தப்பாவே எடுத்துக்கொண்டாரே என்று எனக்குக் கோபம்.