பூஜையில் வைத்த யாளிப் புத்தகம்

சென்ற வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் மகன் கைப்பேசியை நீட்டினான். வெளிநாட்டில் சில பேர் பழைய வீடியோ கேம் பத்திரிகைகளைத் தேடித் தேடி, பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறார்களாம். விளையாடுகிறவர்கள் சங்கம் வைத்து நடத்திய சின்னச் சின்னச் செய்திமடல்களைக்கூட விடவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். கிணற்றுக்குள்ளிருந்து தலை நீட்டும் ஒரு பச்சை யாளி. அட்டைப் படம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கங்கள் இதுவரை யாரிடமும் கிடைக்கவில்லை, வைத்திருப்பவர்கள் சொல்லவும் என்று கீழே போட்டிருப்பதாக மகன் படித்துச் சொன்னான்.

விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கோபப்படக் கூடாது. முருகன் என்னை மன்னிக்கட்டும். அந்தப் புத்தகம் என்னிடம் இருந்தது. என் தாய்மாமா அதை வெடிக்குச் சுருட்டினார்.

மாமாவுக்குக் கோவில்பட்டியில் வெடிக்குழாய் சுருட்டிக் கொடுக்கிற தொழில். மருந்தெல்லாம் ஆலையில் போட்டுக்கொள்வார்கள். நாங்களும் மாமாவும் சேர்ந்திருந்த வீட்டு முற்றத்து வளவில் வெற்றுக் குழாய் மட்டும். பழைய தாளைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி உருட்ட வேண்டும். தாள், தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக் கழிவுத்தாள் மூட்டை. நாலாம் வகுப்புப் படித்த நான், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த மூட்டைக்குள் தலையை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவேன்.

அப்படித்தான் ஒருநாள் அந்தக் கட்டு கிடைத்தது. மேலே வழவழப்பான பத்திரிகைகள். அடியில், சாதாரணத் தாளில் அச்சடித்து நடுவில் இரண்டு பின் போட்ட மெல்லிய புத்தகங்கள் பன்னிரண்டு. அதில் ஒன்றின் அட்டையில்தான் அந்த யாளி. எங்கள் தெருவில் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்கள் கிடையாது. அது விளையாட்டு என்றே எனக்குத் தெரியாது. பல தலை அரக்கன், வாள் பிடித்த வீரன், ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு அசுரன். கழுகுமலையில் சூரசம்ஹாரம் பார்த்தவளுக்கு வேறென்ன தோன்றும்? வெள்ளைக்காரர்களின் புராணம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாமா மேலே இருந்த பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். "வழவழத் தாளுல பச நிக்காது. எடுத்துக்கோட்டி, இந்தக் கட்டு பூராவும் ஒனக்குத்தான்" என்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த மனிதர் சொன்ன சொல். பூராவும் என்றார். அதை இன்றைக்கும் நான் விடமாட்டேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அந்தக் கட்டையும் அடுக்கி, யாளிக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அன்று சாயங்காலம் ஒரு பென்சிலை உருவப் போன என் கையில் மாமாவே பட்டென்று அடித்தார். "சாமி குத்தமாயிரும்ட்டி!"

மறுநாள் காலை குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அடுக்கு தாழ்ந்திருந்தது. வழவழப் பத்திரிகைகள் அப்படியே இருந்தன. பன்னிரண்டு மெல்லிய புத்தகங்களைக் காணோம்.

வளவுக்கு ஓடினேன். மழையில் தாள் மூட்டை வந்து சேரவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அத்தையும் பக்கத்து வீட்டு அக்காக்களும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கூடை நிறையக் குழாய்கள். ஒன்றில் யாளியின் கண். ஒன்றில் வாலில் பாதி.

"மாமா, சாமிக்கு வச்சத ஏன் எடுத்தீய?"

"அது பொம்மப் பொஸ்தகம்ட்டி. சாமிக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்?"

"அப்ப பேப்பர்ல கால் பட்டா கண்ணுல ஒத்திக்கச் சொல்லுதீயளே, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டா சொல்லுதீய?"

அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இவள வக்கீலுக்குத்தான் கட்டிக் குடுக்கணும்" என்றாள் ஒருத்தி. அத்தை மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அதற்குள் அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "மாமாகிட்டயா எதுத்துப் பேசுத?"

கூடையில் கிடந்த ஒரு குழாய் மாமா கண்ணில் பட்டது. அதன்மேல் நான் வைத்த சந்தனப் பொட்டு. அதை எடுத்தார். பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். திரும்பவும் கூடையிலேயே போட்டார்.

எத்தனை கோயில் சுற்றியும் அந்த ஒரு காட்சியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகன் காட்டிய அன்றே மாமாவுக்குப் போன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் குறையவில்லை.

"மாமா, நீங்க சுருட்டுன பொஸ்தகத்த ஒலகம் பூரா தேடுதாவ."

"தேடட்டும்ட்டி. அந்த வருசம் வெடிச்ச வெடியவும் சேத்துத் தேடச் சொல்லு. ஒண்ணாவது நமுத்துச்சா?"

போனை வைத்துவிட்டேன்.

மகன் விடவில்லை. "யார் வீட்டுப் புத்தகம்மா அது? பேர் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டான்.

இருந்தது. பன்னிரண்டு புத்தகத்தின் பின்னட்டையிலும் தபால் முகவரிக்கான ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி, ஒரே பெயர் அச்சடித்திருந்தது. பக்கத்தில் பென்சிலாலும் அதே பெயர். எனக்கு அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துப் பழக்கம், எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் புத்தகத்தில் பென்சில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். கடைசிப் புத்தகத்தில் கோடு போட்டதுபோல் நேராக நிற்கும். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு, கடைக்காரன் கிறுக்கிய அடையாளம் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அதை யார் கழிவுத்தாளில் தூக்கிப் போட்டார்கள், போட்ட அன்று அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சண்டை போட்டது என்றும் நான் கேட்கவில்லை.

மாமாவின் பசைச் சட்டியிலிருந்து கொஞ்சம் பசையை வழித்து, அந்தச் சீட்டுகளின் மேல் பன்னிரண்டிலும் என் பெயர் எழுதிய தாளை ஒட்டிவிட்டுத்தான் நான் பூஜையில் வைத்திருந்தேன்.