பூக்கட்டிக் கேட்ட படிப்பு

அறுபதுகளின் நடுவில் நான் பழனியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். என் மகள் அந்த வருஷம் பி.யூ.சி. தேறியிருந்தாள். மேற்கொண்டு பௌதிகம் படிக்க ஆசைப்பட்டாள். முந்தின கோடையில் சீசன் செய்தி சேகரிக்கக் கோடைக்கானல் போனபோது அவளையும் கூட்டிப் போயிருந்தேன். அங்கே சூரியனை ஆராயும் கூடத்தில், வெள்ளைத்தாளில் விழுந்த சூரியப் பிம்பத்தையும் அதன் கரும்புள்ளிகளையும் காட்டினார்கள். பஸ் வத்தலக்குண்டுக்கு இறங்கும்வரை அவள் வேறு எதுவும் பேசவில்லை.

"உன் இஷ்டம்மா" என்று சொல்லிவந்தேன். டீக்கடையிலும் அதையே சொன்னேன். பிள்ளைகளிடம் எதையும் திணிக்காத தகப்பன் என்று பேர் கிடைத்தது. மனசுக்குள் எனக்கு அவள் டாக்டராக வேண்டும். அதை நான் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எனக்காக மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன் அவர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார்.

"பௌதிகம் படிச்சு என்ன பண்ணுவா மாப்ளே? சூரியனுக்கு ஊசி போடுவாளா?"

கடைசியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். வெள்ளைப்பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப்பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் டாக்டர், சிவப்பு வந்தால் பௌதிகம். மகள் சம்மதித்தாள். சாமியையும் நம்பினாள், எங்களையும் நம்பினாள்.

கடையின் பின்கட்டில் மச்சான் பொட்டலம் கட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். தரையெல்லாம் மலைவாழைப்பழத் தோல், அதன்மேல் ஈ. பிசுபிசுத்த விரல்களால் ஒரு வெள்ளரளியைச் சருகில் வைத்து மடித்தார். இரண்டாவது சருகிலும் வெள்ளரளியையே வைத்தார். செவ்வரளியைத் தோல் குவியலில் எறிந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். சிரித்தேன்.

அடிவாரத்துப் பிள்ளையார் முன்னால் இரண்டையும் போட்டார்.

"மருமகளே, நீயே எடுத்தா. நாளைக்கு மாமன் கெடுத்தான்னு பேச்சு வரக்கூடாது. வெரசா எடு, சாமிக்கு வேற சோலி கெடக்கு."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். மகள் மற்றதற்குக் கை நீட்டினாள்.

"அதப் பிரிக்கப்படாது தாயி, சாமி குத்தம்" என்று மச்சான் அதை மடியில் செருகிக்கொண்டார்.

நான் அனுப்பிய செய்தியில் ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகினால்கூட மறுநாளே திருத்தம் அனுப்புகிறவன் நான். அன்று பேசாமல் நின்றேன்.

வீட்டில் இரண்டு கல்லூரி விண்ணப்பங்களும் வந்திருந்தன. மருத்துவத்துக்கானதை எடுத்து, முத்து முத்தான எழுத்தில் நிரப்ப ஆரம்பித்தாள்.

"உங்களுக்குச் சந்தோசந்தானுங்களே அப்பா?"

"உன் இஷ்டந்தாம்மா எனக்கு."

"என் இஷ்டம் இல்லீங்கப்பா, இது சாமி இஷ்டம்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சொல்லவைத்தது. "ரெண்டுலயும் வெள்ளைப்பூதாம்மா வச்சாரு."

பேனா நின்றது. "எப்பத் தெரியும்?"

"கட்டும்போதே."

"மாமாவ விடுங்க, அவரு யாவாரி. நீங்க பாத்துக்கிட்டா நின்னீங்க?"

எழுதியதை நான்காகக் கிழித்தாள். மதுரைக் கல்லூரியின் பௌதிக விண்ணப்பத்தை நிரப்பி, பெற்றோர் கையெழுத்துக்கு என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். கூடத்திலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. பூ விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். "இது டாக்டருக்கு இல்லம்மா, பௌதிகத்துக்கு" என்றும் சொன்னாள்.

என் மனைவி பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நெசமாவே ஒனக்கு இதுதான் வேணுமாத்தா?"

அந்தக் கேள்வியை நான் மகளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆமாம்மா."

"அப்ப எங்கன எழுதணும், காட்டு. கை ஈரமாக் கெடக்கு, தொடச்சிக்கிறேன்."