பவுடர் தூவிய தாள்கள்

அப்பாவின் தகரப் பெட்டியை இன்று திறந்ததும் பழைய முகப்பவுடர் வாசனை எழுந்தது. இடித்துவிட்ட எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டின் அந்த அறையும் கூடவே வந்தது. அங்கேதான் நினைவுத் தபால்தலைகளை, ஒன்றுகூடக் கிழிக்காத முழுத் தாள்களாக அப்பா சேர்த்து வைத்திருந்தார். ஈரக்காற்றில் பசை இளகித் தாள்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவற்றின் பின்பக்கம் பவுடர் தூவுவார், பகலிலும் பல்பை எரியவிடுவார், நாங்கள் எட்டிப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்வார். மழைக்கு ஒழுகாத அறை அது ஒன்றுதான்.

ஒரு அடைமழையில் தங்கை ரோஸிக்கு இழுப்பு வந்தது.

"புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குது. அந்த ரூம்ல படுக்க வைக்கட்டுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"வேணாம். அவ மூச்சும் ஈரந்தான்," என்றார் அப்பா.

மழை விடுவதற்குள் ரோஸி இறந்துபோனாள். சவப்பெட்டியில் வைத்தபோது அவள் முகத்துக்கு, தாள்களுக்குத் தூவும் அதே டப்பாவிலிருந்துதான் பவுடர் பூசினார்கள்.

இப்போது அப்பா படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது, பார்வை மட்டும் தெளிவாக இருக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு தபால்தலைத் தாளை எடுத்துப் பவுடரைத் துடைத்தேன். அவர் கண்ணெதிரே பிடித்து, பசைப் பக்கத்தில் வாயை அகலத் திறந்து மூச்சு விட்டேன். அவசரமில்லை, பெட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது.