கிளிமீனின் வலப்பக்கம்

ஃபார்மலின் வாசனை முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். மூக்கு எரியத் தொடங்குமுன் கண்ணில் நீர் கட்டிவிடும். எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் டீச்சர் ஒரு சீசாவில் கொடுத்த அந்த மருந்தை, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று சொன்னபடியே கலந்து, அப்பாவின் மீன்பிடி ‘போட்டு’ கடலிலிருந்து கொண்டுவந்த ஒரு கிளிமீனை அதில் முக்கி, ராயபுரத்து வீட்டின் குளியலறை மூலையில் வாளியோடு வைத்தேன். பச்சையும் நீலமுமாக அப்படி ஓர் அழகு. ஒரு செதில்கூடப் போகாமல் முழுசாக வைத்து முதல் பரிசை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. யாரும் தொடக் கூடாது என்று வீட்டுக்கே உத்தரவு போட்டிருந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் மீனின் வயிறு வலப்பக்கமாகக் கீறிக் கிடந்தது. காசிமேட்டில் மீன் விற்று எங்களோடு இருந்த லூர்து சித்தியின் வேலை. உனக்குக் கருவாடு போடத்தான் தெரியும் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீடுகள் எட்டிப் பார்த்தன. சித்தி கத்தியைக் கழுவிக்கொண்டே, “வவுறு உப்பிகினு கீது. உள்ள மருந்து போவாம எப்டி நிக்கும்?” என்றாள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

மீனை ஒரு கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றி, அழுதுவிடும் முகத்தோடுதான் கண்காட்சிக்குப் போனேன். அங்கே மற்றவர்கள் முழுசாகப் போட்ட மீன்களெல்லாம் உள்ளிருந்தே அழுகி நாறின. ஃபார்மலின் சதையின் புரதத்தை இறுக்கிப் பிணைத்துவிட்டால் கிருமிக்கு அங்கே வேலையில்லை, ஆனால் செதிலும் தோலும் தாண்டி அது உள்ளே போவதற்குள் குடல் கெட்டுவிடும் என்று டீச்சர் என் மீனைக் காட்டித்தான் விளக்கினார். வலப்பக்கம் கீறியதை இன்னும் மெச்சினார். அருங்காட்சியகங்களில் இடப்பக்கத்தைத்தான் பார்வைக்கு வைப்பார்களாம். யார் கீறியது என்று கேட்டார். நான்தான் என்றேன். பரிசு கிடைத்தது, சீசாவின் லேபிளில் என் பெயரும் ஏறியது.

சித்தி எந்த அருங்காட்சியகத்தையும் பார்த்ததில்லை. விற்கும் பலகையில் மீன்களைத் தலை இடப்பக்கம் வரும்படி, இடப்புறம் மேலே தெரிய அடுக்குவது அவள் வழக்கம். “காட்ற பக்கம் கெடக் கூடாது” என்பாள், கத்தி போடுவதெல்லாம் மறுபக்கம்தான்.

இன்று ஒரு கல்லூரி அருங்காட்சியகம் என் பொறுப்பில் இருக்கிறது. பள்ளி வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் சீசாவையும் கேட்டு வாங்கி வந்து, மீனை ஸ்பிரிட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். வலப்பக்கம் கீறு என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்குத் துளியும் தயக்கமில்லை; அந்த லேபிளைப் பார்க்கும்போது மட்டும் உறுத்தும். போன மாதம் சித்தியை அழைத்துப்போய்ச் சீசாவின் முன் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. பச்சையும் நீலமும் முழுக்கக் கரைந்து வெளுத்துப்போன மீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “கலரு பூடுச்சி. என் வெட்டு அப்டியே கீது. பேர எழுதுடி” என்றாள்.

புது லேபிளில் அவள் பெயரை எழுதிப் போட்டேன். பழைய லேபிளை எடுத்தெறியக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. என் பொய்யும் அதே சீசாவில்தான் இருக்கிறது.